மாத்திரை இறங்காதபோது: வாய், பேட்ச், தோலடி ஊசி, டிரிப்ஸ் – எது சரி?

“அப்பாவுக்கு மாத்திரை இறங்க மாட்டேங்குது சிஸ்டர். ஆஸ்பத்திரியில சேர்த்து டிரிப்ஸ் ஏத்திரலாமா, இல்ல அந்த ஒட்டுற பேட்ச் வாங்கிரலாமா?”

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் (குணமாக்க முடியாத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை) நர்ஸ் நான். இந்தக் கேள்வி பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் போனில் வரும். அதற்குள் பெரியப்பா ஒன்று சொல்லியிருப்பார், மெடிக்கல் ஷாப்காரர் ஒன்று சொல்லியிருப்பார், யூடியூப் வேறொன்று சொல்லியிருக்கும். நோயைக் குணமாக்க முடியாத கட்டத்தில் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, பதற்றம் இவற்றுக்கான மருந்தை உடம்புக்குள் சேர்க்க ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. ஊசி என்றால் பவர், மாத்திரை என்றால் சும்மா என்ற கணக்கில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் எந்த வழியாகப் போனாலும் அதே மார்ஃபின்தான், அளவுதான் மாறும். நான் முதலில் கேட்பது வேறு: ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் உங்கள் வீட்டில் எழுந்து மருந்து கொடுக்கப்போவது யார்?

எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தக் கட்டுரை உதவும்.

முதலில் மருந்துப் பையைக் கொட்டுங்கள்

போன மாதம் ஒரு வீட்டில் பாட்டியின் மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டினேன். பதினான்கு அட்டைகள். கொலஸ்ட்ரால் மாத்திரை, கால்சியம், இரண்டு விதமான வைட்டமின், எப்போதோ எழுதிய கேஸ் மாத்திரை. பாட்டி ஒரு வேளைக்கு ஏழு மாத்திரையோடு போராடிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போனில் பேசி நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தினோம். அந்த நான்கும் சிரமமில்லாமல் இறங்கின. இன்னும் சில வாரங்களே இருப்பவருக்குப் பத்து வருடம் கழித்து மாரடைப்பைத் தடுக்கும் மாத்திரை எதற்கு? ஆனால் ஸ்டீராய்டையும் வலிப்பு மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் ஆபத்து.

எதை வைத்து முடிவு செய்வது?

விழுங்க முடிகிறதா என்பது முதல் கேள்வி. தொண்டை அடைத்திருக்கிறதா, வாந்தியில் எல்லாம் வெளியே வருகிறதா, தூக்கக் கலக்கத்தில் புரை ஏறுகிறதா என்று பிரித்துப் பாருங்கள், மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. அடுத்தது, வலி ஒரே மட்டத்தில் இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா? ஏறி இறங்கும் வலிக்கு மெதுவாக வேலை செய்யும் வழி உதவாது. அப்புறம் உடம்பு: எலும்பும் தோலுமாக இருப்பவருக்கும், கை கால் வீங்கியவருக்கும், கிட்னி பழுதானவருக்கும், ரத்தத் தட்டணு குறைந்தவருக்கும் ஒரே வழி ஒத்துவராது.

மருந்து எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற கடும் வலிக்கான மருந்துகள் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் பல துறைகளின் உரிமத்துக்கு அலையாமல் இவற்றை வைத்திருந்து கொடுக்கலாம். ஆனாலும் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ விசாரியுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

கடைசியாகப் பணம். மருந்தின் விலையோடு ஆம்புலன்ஸ், லீவு போட்ட நாட்கள், பக்கத்தில் உட்கார ஆள் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பார்வையில்:

| வழி | வேலை செய்ய ஆகும் நேரம் | வீட்டில் யார் கொடுக்கலாம் | எங்கே காலை வாரும் |
|---|---|---|---|
| வாய்வழி மாத்திரை, சிரப் | அரை மணி முதல் ஒரு மணி | யாரும் | புரை ஏறினால், ஓயாத வாந்தி என்றால் |
| நாக்கடி, கன்னம் | மருந்தைப் பொறுத்துச் சில நிமிடம் | யாரும் | வாய் காய்ந்திருந்தால். எல்லா மருந்துக்கும் பொருந்தாது |
| பேட்ச் | 12 முதல் 24 மணி | யாரும் | திடீர் வலி, காய்ச்சல், வியர்வை |
| தோலடி ஊசி | கால் மணி முதல் அரை மணி | கற்றுக்கொடுத்தால் வீட்டார் | வீக்கமான இடம். மருந்து கிடைப்பது |
| மூக்குக் குழாய் | வாய்வழி போலவே | கற்றுக்கொடுத்தால் வீட்டார் | குழாய் அடைப்பு, பிடுங்கிக்கொள்வது |
| ஆசனவாய் | அரை மணிக்கு மேல் | வீட்டார், தயக்கம் இல்லையென்றால் | பேதி, தட்டணு குறைவு |
| ரத்தக்குழாய் | சில நிமிடம் | நர்ஸ் மட்டும் | நரம்பு கிடைக்காது, வீட்டில் நிற்காது |

வாய்வழி

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு வழிகாட்டி வெளியிட்டபோது முதலில் சொன்னதே ‘வாய் வழியாக, கடிகாரப்படி’ என்பதுதான். இன்றும் அது மாறவில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அதனால்தான் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் எழுதிக்கொடுக்கிறோம். இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு கொடுத்து, 2 மணி வேளையைத் தாண்டச் செய்வது டாக்டர்களிடம் உள்ள வழக்கம். வீட்டில் ஒரே ஆள் என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஆளும் தூங்க வேண்டுமே.

இதில் மறைந்திருக்கும் செலவு மலச்சிக்கல். மார்ஃபினோடு மலமிளக்கி கட்டாயம். வலி அடங்கியும் வயிறு கல்லாகிப் போய் மருந்தையே வெறுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு குறையும்.

விழுங்கச் சிரமம் என்றதும் வாயைக் கைவிட்டுவிடாதீர்கள். சாதாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைக்கலாம், மசித்த வாழைப்பழத்தில் வைக்கலாம். தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தால் பாதிப் பேருக்கு இறங்கிவிடும். ஆனால் 12 மணி நேரம் தாங்கும் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. அரை நாள் மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

பாலாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் புகட்டுவதுபோல அரைத்தூக்கத்தில் இருக்கும் பெரியவருக்குப் பாலாடையில் மருந்தை ஊற்றுகிறார்கள். கண் திறந்து, பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பவருக்குச் சரி. கொரகொரவென்று சத்தம் வருகிற, விழிக்காதவருக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். கடைசி நேரத்தில் பால் ஊற்றுவது நம் வழக்கம், வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் தடவச் சொல்வேன். பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து அப்படித் தடவியும் பார்த்திருக்கிறேன்.

நாக்கடியும் கன்னமும்

இங்கே ஒரு தப்பான நம்பிக்கை ஓடுகிறது. மார்ஃபின் மாத்திரையை நாக்கடியில் வைத்தால் சுர்ரென்று ஏறும் என்கிறார்கள். ஏறாது. மார்ஃபின் கொழுப்பில் எளிதாகக் கரைவதில்லை. வாய்ச் சவ்வு வழியாகக் கொஞ்சம்தான் போகும், மற்றது எச்சிலோடு விழுங்கப்பட்டுத்தான் வேலை செய்கிறது. கொழுப்பில் கரைந்து வாய்ச் சவ்வு வழியாக ஏறும் குணம் ஃபென்டனிலுக்கு உண்டு. வலிப்புக்கும் கடும் பதற்றத்துக்கும் மிடாசோலாமைக் கன்னத்தின் உள்பக்கம் விடலாம், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும் இருக்கிறது. வலிப்பு வரக்கூடிய மூளைக்கட்டி நோயாளியின் வீட்டில் டாக்டர் எழுதிக்கொடுத்த அந்த ஸ்ப்ரே ஒன்று இருந்தால் பாதிப் பயம் போய்விடும். எதை வைப்பதானாலும் முதலில் வாயை நனையுங்கள். காய்ந்த வாயில் மாத்திரை சுண்ணாம்புக் கட்டிபோல அப்படியே கிடக்கும்.

பேட்ச்

பார்க்க எளிது, அதனால் எல்லோருக்கும் இதன் மேல் ஆசை. ஃபென்டனில் பேட்ச்சை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், புப்ரினார்ஃபின் பேட்ச் 7 நாள் வரும். வலி நிலையாக அடங்கியவருக்கு, மார்ஃபினில் மலச்சிக்கலோடு மல்லுக்கட்டுபவருக்கு, கிட்னி பழுதானதால் மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கக்கூடியவருக்கு, வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு இது வரம்.

ஆனால் இன்று ஒட்டினால் நாளைக்குத்தான் முழுதாக வேலை செய்யும். அதுவரை பழைய மருந்து தொடர வேண்டும். பிரித்தெடுத்த பிறகும் தோலுக்கடியில் தேங்கிய மருந்து அரை நாளுக்கு மேல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால் இன்றைக்குப் பத்துக்கு ஐந்து, நாளைக்கு எட்டு என்று ஏறும் வலிக்கு இது கூடாது. மார்ஃபின் பழகாத உடம்பில் நேரடியாக ஃபென்டனில் பேட்ச் ஒட்டுவதும் கூடாது, மூச்சே மந்தமாகிவிடும். 25 மைக்ரோகிராம் பேட்ச் கேட்கச் சின்னதாகத் தெரியும். ஒரு நாளைக்குச் சுமார் 60 முதல் 90 மில்லிகிராம் வாய்வழி மார்ஃபினுக்கு அது சமம்.

நம் ஊர் சூட்டில் இன்னொரு பிரச்சினை. ஒரு தாத்தாவுக்கு மூன்றாம் நாளே வலி திரும்பிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தால் மார்பில் பேட்ச் இல்லை. தேடியதில் தலையணை உறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் பாட்டி அவருக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுகிறார், அறுபது வருடப் பழக்கம். எண்ணெய், பவுடர், தைலம் எதுவும் இல்லாத, ரோமம் குறைந்த இடத்தில், வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவைத்து ஒட்ட வேண்டும். உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெந்நீர்ப் பை, வெயில், கடும் காய்ச்சல் எல்லாம் மருந்தை வேகமாக உள்ளே தள்ளும். மிகவும் மெலிந்தவர்களுக்கு எதிர்பார்த்த அளவு ஏறாமலும் போகும். பாட்டி அதற்கப்புறம் காலுக்கு மட்டும் எண்ணெய் தேய்க்கிறார். மாற்றும் தேதியைத் தினசரி காலண்டர்த் தாளில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

விலையும் மாத்திரையைவிட அதிகம். கழற்றிய பேட்ச்சில் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

தோலடி ஊசி

என்னைக் கேட்டால், வாய் மூடிய பிறகு வீட்டுக்கு மிகப் பொருத்தமான வழி இதுதான். ஆனால் தேடி வந்து இதைக் கேட்பவர் யாருமில்லை, காரணம் இது இருப்பதே பலருக்குத் தெரியாது.

சர்க்கரைக்காரர்கள் இன்சுலின் போட்டுக்கொள்வது தோலடியில்தான். அதே இடம், அதே ஆழம். வித்தியாசம் என்னவென்றால் ஒவ்வொரு முறையும் குத்த வேண்டாம். குழந்தைகளுக்கு டிரிப்ஸ் போடும் சின்னப் பட்டாம்பூச்சி ஊசியை (ஆஸ்பத்திரியில் ஸ்கால்ப் வெயின் செட் என்பார்கள்) காறை எலும்புக்குக் கீழே, வயிற்றில், தொடையில் அல்லது மேல்கையில் தோலுக்கடியில் நுழைத்து, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி ஒட்டிவிடுவோம். குழாயைச் சுருட்டி ஒட்டி, முனையில் மூடி. வேளை வந்ததும் மூடி வழியாக மருந்தை மெதுவாகத் தள்ள வேண்டியதுதான். பிடுங்கி எறிபவர் என்றால் முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வைப்போம். சிவக்காமல் வீங்காமல் இருந்தால் பல நாள் தாங்கும்.

ஒரு மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தது நினைவிருக்கிறது. முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “நான் ஏதாவது தப்பாப் பண்ணி அத்தைக்கு ஏதாவது ஆயிட்டா?” மருந்துக்குப் பதிலாக வெறும் சலைனை ஒரு மில்லி எடுத்துக் கையில் கொடுத்தேன். தள்ளினார். அத்தை முகம் சுளிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருந்தார். “அவ்ளோதானா அக்கா?” என்றார். அவ்வளவுதான். மருந்துக்குப் பிறகு அரை மில்லி சலைனை விட வேண்டும், இல்லையென்றால் குழாயிலேயே மருந்து தங்கிவிடும் என்பதை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னேன். நான்கு சிரிஞ்சில் மருந்தை எடுத்து, பெயரும் அளவும் நேரமும் எழுதி ஒட்டி, ஸ்டீல் டப்பாவில் வைத்துவிட்டு வந்தேன். கேரளத்தின் வீட்டுப் பாலியேட்டிவ் சேவைகளில் குடும்பத்தாரே இப்படிக் கொடுப்பது நெடுநாள் பழக்கம்.

மார்ஃபின், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, ஹாலோபெரிடால், பதற்றத்துக்கு மிடாசோலாம், நெஞ்சுச் சளிச் சத்தத்துக்கு கிளைக்கோபைரோலேட் எல்லாம் தோலடியில் போகும். டயசிபாம் போகாது, புண்ணாக்கிவிடும். வாய்வழி மார்ஃபினிலிருந்து மாறும்போது அளவைப் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ டாக்டர் குறைப்பார். ‘அளவைக் குறைச்சுட்டாங்களே’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். வாய்வழிப் போகும் மருந்தில் பெரும் பகுதியைக் கல்லீரல் வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊசியில் அந்தச் சுங்கச்சாவடி இல்லை.

பேட்டரியில் ஓடும் சிரிஞ்ச் பம்ப் இருந்தால் 24 மணி நேர மருந்தை ஒரே சீராகத் தள்ளும். 1970களில் பிரிட்டனில் மார்ட்டின் ரைட் உருவாக்கிய கருவி. முதலில் தலசீமியா என்னும் பிறவி ரத்த நோயாளிகளின் உடம்பில் தேங்கும் இரும்பை வெளியேற்றும் மருந்துக்காகத்தான் பயன்பட்டது, பிறகு பாலியேட்டிவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் தள்ளுவதே போதும்.

குறை என்னவென்றால் மார்ஃபின் ஆம்பியூலை (ஊசி மருந்துக் குப்பி) வீட்டுக்குக் கொடுக்கும் மையங்கள் மாத்திரை கொடுப்பவற்றைவிடக் குறைவு. நர்ஸ் வந்து போகும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். உடம்பு முழுக்க நீர் கோத்தவருக்கு மருந்து சரியாக உறிஞ்சாது.

மூக்குக் குழாய்

வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்கு, இன்னும் மாதக்கணக்கில் நடமாடப் போகிறவர்களுக்கு, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) அல்லது நேரடி வயிற்றுக் குழாய் சரியான முடிவு. கஞ்சி, மருந்து இரண்டும் போகும். மாத்திரையை ஒவ்வொன்றாகக் கரைத்து, நடுவில் தண்ணீர் விட்டு, முடிவில் 30 மில்லி தண்ணீரால் கழுவுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துத் தள்ளி அடைத்துக்கொண்ட குழாய்களை எண்ணி மாளாது. நீள்நேர மாத்திரையை இங்கேயும் பொடிக்கக் கூடாது. கடைசி வாரத்தில், மருந்து கொடுப்பதற்கென்று மட்டும் புதிதாகக் குழாய் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. பிடுங்குவார், கையைக் கட்டுவீர்கள். அந்தக் காட்சிதான் பிறகு உங்கள் மனசில் நிற்கும்.

ஆசனவாய்

மகனுக்கும் அம்மாவுக்கும் நடுவே இது வேலைக்காகாது என்று பலர் முதலிலேயே தள்ளிவிடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி (உள்ளே கரையும் மருந்து) நடுராத்திரி காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வலிக்கு டைக்ளோஃபெனாக், வலிப்புக்கு டயசிபாம் என்று ஓரிரு வேளைக்கு நன்றாக உதவும். சித்திரை வெயிலில் மேசையில் வைத்தால் உருகிவிடும், ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். தட்டணுவோ வெள்ளை அணுவோ குறைந்தவருக்கு வேண்டாம்.

ரத்தக்குழாயும் தசையும்

“ஒரு பாட்டிலாவது ஏத்துங்க, சும்மா விட்டுட்டோம்னு ஆகக் கூடாது.” டிரிப்ஸ் கேட்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது இதைத்தான். ஏற்கெனவே ரத்தக்குழாயில் போர்ட் அல்லது நீள்குழாய் (நெடுநாள் இருக்கும் மருந்து வழி) பொருத்தியவருக்கு, சில மணி நேரத்தில் அடக்கியே தீர வேண்டிய கொடும் வலிக்கு, பெரிய ரத்தப்போக்குக்கு, உடம்பெல்லாம் வீங்கித் தோலடி உதவாதவருக்கு ரத்தக்குழாய்தான் சரி. மற்றவர்களுக்கு நரம்பு தேடி நாலு குத்து, கை அசைக்க முடியாத நிலை, ஆஸ்பத்திரிக் கட்டில், பார்வையாளர் நேரம். தளர்ந்த உடம்பில் ஏற்றும் நீர் காலிலும் நெஞ்சிலும் தேங்கி மூச்சிரைப்பைக் கூட்டும். தண்ணீர் அவசியம் என்று டாக்டர் கருதினால் அதையும் தோலடி வழியாக, ராத்திரி முழுக்க மெதுவாக ஒரு லிட்டர் வரை விடலாம்.

இடுப்பில் போடும் தசை ஊசி வேண்டாம். சதையே இல்லாத உடம்பில் ஒரு நாளைக்கு ஆறு தடவை குத்துவது வலிக்கு வைத்தியமா?

ஒரே வழிதான் என்று யார் சொன்னது?

பெரும்பாலான வீடுகளில் இரண்டு வழிகள் ஓடும். அடிப்படைக்குப் பேட்ச், திடீர் வலிக்கு வாய்வழி மார்ஃபின். பகலில் வாய்வழி, விழுங்க முடியாத நாளுக்கென்று ஃபிரிட்ஜில் சப்போசிட்டரி. திடீர் வலிக்கான கூடுதல் வேளை, பொதுவாக ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. உங்கள் சீட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே கேட்டு வாங்குங்கள். வாய் மூடும் நாளுக்கு முன்பே அடுத்த வழி முடிவாகியிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் அதைத் தேட முடியாது. கடைசி நாட்களில் பேட்ச் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அதைக் கழற்றாமல், மேலதிகத் தேவைக்குத் தோலடி ஊசியைச் சேர்ப்பதுதான் வழக்கம்.

எல்லாம் முடிந்த பிறகு, குளிப்பாட்டும் முன் பேட்ச்சைக் கழற்றி மடித்துவிடுங்கள். தோலடி ஊசியை நர்ஸ் எடுத்துவிடுவார். மிஞ்சிய மார்ஃபினைப் பக்கத்து வீட்டு மூட்டுவலிக்கு என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எண்ணி, வாங்கிய மையத்திலேயே திருப்பிக் கொடுத்து, கணக்கில் எழுதச் சொல்லுங்கள். பதினாறாம் நாள் காரியம் கழித்துக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வோம்.